பின்னால் நிற்கப் பிடிக்காத பின்கள வீரர்

கேள்வி: ருமேனியக் கால்பந்து என்றாலே எல்லோரும் நட்சத்திர ஆட்டக்காரர் கியோர்கே ஹாஜி என்கிறார்கள். நீங்கள் மட்டும் டான் பெட்ரெஸ்கு, டான் பெட்ரெஸ்கு என்கிறீர்களே, ஏன்?

பதில்: ஒரே ஒரு ராத்திரி செய்த வேலை. 1998 உலகக் கோப்பை, துலூஸ் நகரில் இங்கிலாந்தும் ருமேனியாவும். நமக்கு ஆட்டம் தொடங்கும்போதே மணி 12.30. வீட்டில் திட்டு விழாமலிருக்க டிவி சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். 79-வது நிமிடம் இங்கிலாந்தின் ஓவன் கோல் போட்டு 1–1 ஆக்கினார். சரி, டிராதான் என்று படுக்கையை விரிக்கப் போகிறேன், 90-வது நிமிடத்தில் பெட்ரெஸ்கு ஓடி வருகிறார். மறிக்க வந்தவர் இங்கிலாந்துப் பின்கள வீரர் லெ சோ. இங்கிலாந்தின் செல்சி கிளப்பில் இருவரும் ஒரே அணி. தினமும் பயிற்சியில் முட்டிக்கொள்கிறவர்கள். லெ சோவைத் தோளால் நெருக்கித் தள்ளிக்கொண்டே உள்ளே புகுந்து, கோல்கீப்பர் சீமனின் கால் இடுக்கு வழியாகத் தட்டிவிட்டார். நான் கத்திய கத்தலில் வீடே எழுந்துவிட்டது.

இத்தனைக்கும் அவர் வலது பின்கள ஆட்டக்காரர். நாட்டுக்காக 95 ஆட்டங்களில் 12 கோல்!

கேள்வி: உங்கள் ஆளுக்குச் சறுக்கலே கிடையாதா?

பதில்: ஏன் இல்லை? 1994 உலகக் கோப்பைக் காலிறுதியில் ஸ்வீடனுக்கு எதிரான பெனால்ட்டியை அவர் அடிக்க, அவர்கள் கோல்கீப்பர் ராவெல்லி தடுத்துவிட்டார். 1998-ல் செல்சி, ‘ஐரோப்பியக் கோப்பை வென்றவர்கள் கோப்பை’ (கப் வின்னர்ஸ் கப்) என்ற போட்டியைக் கைப்பற்றிய இறுதி ஆட்டத்தில், ஆட்டம் முடியும் முன்பே சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். போதுமா?

கேள்வி: பயிற்சியாளராக எப்படி?

பதில்: ரஷ்யா, கத்தார், சீனா, தென் கொரியா என்று பெட்டியோடு அலைந்த மனிதர். ருமேனியாவின் க்ளூஜ் அணிக்கு லீக் பட்டங்கள் வாங்கித் தந்தார், 2019-ல் கிளாஸ்கோவிலேயே ஸ்காட்லாந்தின் செல்டிக் அணியை 4–3 என்று கவிழ்த்தார். ஆனால் என் கணக்கில் அதெல்லாம் உர்சிசேனிக்குப் பிறகுதான்.

இருபதாயிரம் பேர்கூட இல்லாத சிற்றூர் அது. அந்த ஊரின் உனிரேயா அணியை 2009-ல் ருமேனிய லீக் சாம்பியன் ஆக்கினார். ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆட வேண்டும், சொந்த மைதானமோ சிறியது. புகாரெஸ்ட் போய் ஸ்டெவா அணியின் மைதானத்தில் ஆடினார்கள். அக்டோபரில் கிளாஸ்கோ போய் அந்த ஊர் ரேஞ்சர்ஸ் அணியை 4–1 என்று அடித்தார்கள். அந்த நான்கில் இரண்டு ரேஞ்சர்ஸ்காரர்களே தங்கள் வலைக்குள் போட்டுக்கொண்டவை. இருந்தால் என்ன, கணக்கு கணக்குதானே? பிரிவில் 8 புள்ளி, மூன்றாம் இடம்.

கேள்வி: அந்த அணி அப்புறம் என்ன ஆயிற்று?

பதில்: நிலைக்கவில்லை. 2009 கடைசியில் பெட்ரெஸ்கு ரஷ்யாவின் குபான் அணிக்குக் கிளம்பினார். 2011-ல் உனிரேயாவைக் கலைத்தே விட்டார்கள்.