ஏமாற்றுவதற்கும் நம்பிக்கைத் துரோகத்துக்கும் என்ன வேறுபாடு?

முன்பின் தெரியாதவன் பித்தளையைத் தங்கமென்று விற்றால் அது ஏமாற்று. பொய் தொடக்கத்திலேயே இருக்கிறது. பத்திரமாக வைத்திருங்கள் என்று நாம் கொடுத்த நகையை உறவினர் அடகு வைத்துவிட்டால் அது நம்பிக்கைத் துரோகம். கொடுக்கும்போது அவர் நல்லவராகவே இருந்திருக்கலாம்.

இந்தியச் சட்டமும் இவற்றைப் பிரித்தே பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றுக்குப் பிரிவு 318 (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-ஐ நாம் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டோம்), நம்பி ஒப்படைத்த சொத்தைக் கையாடுவதற்குப் பிரிவு 316.

ஆனால் நம்பிச் சொன்ன ரகசியத்தை ஊருக்குப் பரப்பிய நண்பன்மீது இவ்விரண்டும் பாயாது. சொத்து எதுவும் கைமாறவில்லையே! அவனுக்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: இரண்டகன். ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்பதில் வருவதும் அதே சொல்தான்.