போன வருஷ ஃப்ளூ எதிர்ப்பு வீணா?

கேள்வி: ஃப்ளூ வைரஸ் வருஷா வருஷம் உருமாறுகிறது, அதனால் தடுப்பூசியும் மாறுகிறது என்கிறார்கள். அப்படியானால் போன வருஷம் காய்ச்சலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி வீண்தானா? டி செல் என்ற வெள்ளையணு இருந்தால் எந்த ரக ஃப்ளூவும் ஒன்றும் செய்யாது என்று படித்தேன், உண்மையா?

பதில்: வீண் இல்லை. ஆனால் ‘ஒன்றும் செய்யாது’ என்பதும் சரியில்லை.

அடிக்கடி மாறுவது வைரஸின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள்தான், எச்1என்1, எச்3என்2 என்ற பெயர்களில் வரும் ‘எச்’, ‘என்’ இரண்டும். ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க நம் உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) பெரும்பாலும் அந்த ‘எச்’ புரதத்தின் தலைப்பகுதியைப் பிடித்துத்தான் வைரஸைத் தடுக்கிறது, தலை கொஞ்சம் மாறினாலும் பிடி நழுவும்.

டி செல் பார்ப்பது வேறு இடத்தை. வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து பெருக ஆரம்பித்ததும், அந்தச் செல் உள்ளே உருவாகும் வைரஸ் புரதங்களை ஒன்பது பத்து அமினோ அமில நீளத்துக்கு நறுக்கி, எச்எல்ஏ என்ற தன் மூலக்கூறில் பொருத்தி வெளியே காட்டும். அதைக் கண்டதும் சிடி8 வகை டி செல் அந்தச் செல்லையே அழித்துவிடும். (டி செல் வைரஸ் துணுக்கு, அதைத் தாங்கும் நம் மூலக்கூறு இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது என்று கண்டுபிடித்ததற்குத்தான் பீட்டர் டோஹெர்ட்டிக்கும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலுக்கும் 1996இல் நோபல்.) அந்தத் துணுக்குகளில் நிறைய நியூக்ளியோபுரோட்டீன், எம்1 போன்ற உட்புரதங்களிலிருந்து வருபவை. அவை இஷ்டத்துக்கு மாறினால் வைரஸே பிழைக்காது, அதனால் ‘ஏ’ வகை ஃப்ளூக்களில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன.

2009 பன்றிக் காய்ச்சலின்போது லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் இதை மனிதர்களிடமே பார்த்தார்கள். புது வைரஸுக்கு ஆன்டிபாடி இல்லாதவர்களிலும், பழைய ஃப்ளூவில் உருவான இந்த சிடி8 செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு நோய் லேசாகவே வந்துபோனது.

கவனியுங்கள், வந்துபோனது. செல்லுக்குள் வைரஸ் நுழைந்த பிறகுதான் டி செல்லுக்கு வேலையே, தொற்றை வாசலில் நிறுத்த அதனால் முடியாது. அப்புறம், நுரையீரலிலேயே தங்கிக் காவல் காக்கும் டி செல்கள் சில மாதங்களில் குறைந்துவிடுகின்றன, எச்எல்ஏவும் ஆளுக்கு ஆள் வேறு என்பதால் பலன் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்காது. அதனால் டி செல்லை நம்பித் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள், முக்கியமாக வீட்டில் வயதானவர்களோ கர்ப்பிணிகளோ இருந்தால்.

வழக்கமான ஊசி முக்கியமாக ஆன்டிபாடியைத்தான் தூண்டும். பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸை மூக்கில் தெளிக்கும் வகை, குழந்தைகளிடம் டி செல்லையும் நன்றாகவே தூண்டுகிறது.