வாசகர் கேள்வி – பதில்: அவதாரின் உயரமும் வீட்டின் அளவும்

கம்ப்யூட்டரில் உலவும் மெய்நிகர் உலகங்களில் அவதார் (அங்கே நமக்குப் பதிலாக நடமாடும் உருவம்) அமைப்பது, வீடு கட்டுவது, சுற்றிப் பார்ப்பது குறித்து தமிழக–கேரள எல்லையின் இரு பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. நீண்ட கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கல்லூரி மாணவி, தக்கலை: செகண்ட் லைஃப் உலகில் புதிதாகச் சேர்ந்து, ஆயத்த அவதார் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதை மாநிறத்தில், புடவை உடுத்திய, என் உயரமுள்ள பெண்ணாக மாற்ற விரும்புகிறேன். வாங்கிய புடவை உடலில் பொருந்தவில்லை. ஸ்கின் (அவதாரின் தோல்) ஓரிடத்தில் சாம்பல் பூத்தும் வேறோர் இடத்தில் செம்பு நிறமாகவும் தெரிகிறது. எதிலிருந்து தொடங்குவது?

உயரத்திலிருந்து தொடங்குங்கள், நிறமும் உடையும் பிறகு வரட்டும். சான் பிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003-இல் திறந்த அந்த உலகத்தில், உடை முதல் கட்டடம் வரை பெரும்பாலானவற்றை அங்கே நடமாடுகிறவர்களே செய்கிறார்கள். அதனால் எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு என்று எதுவும் அங்கே நிலைபெறவில்லை. இரண்டு மீட்டரைத் தாண்டிய அவதார்கள் அங்கே சர்வ சாதாரணம். உங்கள் உண்மையான உயரம் 160 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூட்டத்தின் நடுவே உங்களைச் சிறுமி என்றே பலர் நினைப்பார்கள். அதற்காக உயரத்தை ஏற்ற வேண்டியதில்லை. தலையின் அளவைக் கவனித்தால் போதும். வளர்ந்தவரின் உயரம் அவருடைய தலையைப் போல ஏறக்குறைய ஏழரை மடங்கு இருக்கும். தலைக்கான ஸ்லைடரைக் குறைத்து, தோளையும் இடுப்பையும் அதற்கேற்ப அமைத்தீர்களானால், குள்ளமாக இருந்தாலும் வளர்ந்த பெண்ணாகவே தெரிவீர்கள்.

புடவை பொருந்தாததற்குக் காரணம் உங்கள் உடல்தான். 2011-இல் அங்கே மெஷ் வசதி (வேறு மென்பொருளில் வலைபோலப் பின்னிச் செய்த முப்பரிமாண வடிவங்களைக் கொண்டுவருவது) வந்த பிறகு, உடலையே தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் வழக்கம் பரவியது. ஓர் உடலுக்குச் செய்த உடை இன்னோர் உடலுக்கு ஏறாது என்பதால், எந்த உடலுக்கு உரியது என்பதை விற்பவரே எழுதியிருப்பார். டெமோ (வாங்கும் முன் உடுத்திப் பார்க்கும் மாதிரி) கிடைத்தால் அதை உடுத்திக்கொண்டு நின்று பார்ப்பதோடு விட்டுவிடாமல், நடந்தும் உட்கார்ந்தும் கையைத் தூக்கியும் பாருங்கள். மெஷ் உடையின் ஒவ்வொரு புள்ளியும் அவதாருக்குள் இருக்கும் எலும்புகளில் சிலவற்றோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. கொசுவமோ எந்தக் காலுக்கும் உரியதில்லாமல் இரண்டுக்கும் நடுவில் தொங்குவது. அதைப் பாதி இடது தொடையோடும் பாதி வலது தொடையோடும் பிணைத்துவிட்டால், ஒவ்வோர் அடிக்கும் மடிப்புகள் இழுபட்டு விரிந்து சுருங்கும். முந்தானையும் அப்படித்தான், கையைத் தூக்கினால் முழங்கை துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். நன்றாகச் செய்த புடவைக்கும் மற்றவற்றுக்கும் உள்ள வேறுபாடு, நிற்கும்போது கண்ணில் படுவதே இல்லை.

ஸ்கின் நிறம் மாறுவது ஒளியால். ஒவ்வோர் இடத்தின் உரிமையாளரும் தமக்குப் பிடித்த பொழுதை அங்கே நிறுத்தி வைத்திருப்பார். உங்கள் திரையில் மட்டும் நண்பகல் ஒளியை வைத்துக்கொண்டு ஸ்கின்னைத் தேர்ந்தெடுங்கள். அந்தி வெயிலில் எந்த நிறமும் அழகாகத்தான் இருக்கும்.

ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மார்த்தாண்டம்: எங்கள் பழைய நாலுகட்டு வீட்டை இடிப்பதற்கு முன் ஆசாரி எடுத்த அளவுகள் கோலிலும் விரலிலும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு என் மகன் மெய்நிகர் உலகில் அந்த வீட்டை அப்படியே எழுப்பினான். வெளியிலிருந்து பார்த்தால் கண் கலங்குகிறது. உள்ளே நுழைந்தாலோ தலை மச்சில் இடிக்கிறது, பாதி நேரம் சுவர்தான் தெரிகிறது. அளவு தவறா?

அளவு தவறில்லை. வீட்டுக்குள் நுழைகிற உடலும், அந்த உடலைப் பார்க்கிற கண்ணும் வேறு. கேரளத் தச்சுக்கணக்கில் ஒரு கோல் 24 விரல். இன்றைய அளவில் 72 சென்டிமீட்டர், ஒரு விரல் 3 சென்டிமீட்டர். நீங்கள் அனுப்பிய குறிப்பில் உள்ள அறை 4 கோல் அகலம், அதாவது 2.88 மீட்டர், நிலைவாசல் 2 கோல் 8 விரல் உயரம், அதாவது 168 சென்டிமீட்டர். செகண்ட் லைஃப் போன்ற உலகங்களில் நாம் அவதாரின் கண் வழியாகப் பார்ப்பதில்லை. அதன் முதுகுக்குப் பின்னால், சற்று மேலே மிதக்கும் கேமரா வழியாகப் பார்க்கிறோம். வழக்கமான அமைப்பில் அந்தக் கேமரா ஏறக்குறைய மூன்று மீட்டர் பின்னால் இருக்கும். 2.88 மீட்டர் அறையில் அவதார் எங்கே நின்றாலும் கேமராவுக்கு உள்ளே இடமில்லை. ஆகவே அது சுவருக்கு அப்பால் போய்விடும், அல்லது சுவரில் முட்டி அவதாரின் பிடரியில் வந்து ஒட்டிக்கொள்ளும். இரண்டு மீட்டர் அவதார் 168 சென்டிமீட்டர் வாசலில் இடிப்பதைச் சொல்லவே வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையின் தாழ்ந்த வாசல்களில் நாம் குனிந்து போகிறோம். அவதார் தானாகக் குனியாது.

இதனால்தான் அங்கே கட்டுகிறவர்கள் கூரையை இரட்டை உயரத்துக்கு ஏற்றி, அறைகளைக் கல்யாண மண்டபம் போல விரித்துக் கட்டுகிறார்கள். உங்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக உங்கள் அவதாரை 165 சென்டிமீட்டர் அளவில் அமைத்து, கேமராவைத் தோளுக்கு அருகில், ஒரு மீட்டருக்குள் கொண்டுவாருங்கள். அமைப்புகளில் அதற்கு வழி இருக்கிறது. உறவினர்கள் பலர் வரப்போகிறார்கள், அவர்கள் தங்கள் கேமராவைத் தொட மாட்டார்கள் என்றால் மட்டும் முழு வீட்டையும் ஒன்றே கால் மடங்கு ஆக்குங்கள். அப்போது கட்டிலும் நாற்காலியும் கிணற்றடித் தொட்டியும் சேர்ந்தே வளர வேண்டும். இல்லையென்றால் பொம்மைச் சாமான்களாகத் தெரியும். கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் மைன்கிராஃப்ட் விளையாட்டில் கட்ட நினைத்தால் இந்தக் கேமராத் தொல்லை இல்லை, ஏனெனில் அங்கே வழக்கமான பார்வை கண் வழிப் பார்வை. ஆனால் ஒரு கட்டை ஒரு மீட்டர் என்பதால் உங்கள் கோல் கணக்கு அங்கே செல்லாது.

ஓடுகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் மகன் ஒவ்வோர் ஓட்டையும் தனிப் பொருளாக அடுக்கியிருக்கிறார். வீடு திணறுவது அதனால்தான். திரையில் காண்பதையெல்லாம் கம்ப்யூட்டர் நொடிக்குப் பல முறை புதிதாக வரைகிறது. நிலத்தின் பரப்புக்கு ஏற்பப் பொருள்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருப்பதும் இதற்காகவே. செகண்ட் லைஃபில் ஒரு முழு நிலப்பகுதி 256-க்கு 256 மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 16 ஏக்கர் 19 சென்ட். வீட்டு மனையாகப் பலர் வாங்கும் 512 சதுர மீட்டர் ஏறக்குறைய பன்னிரண்டரை சென்ட்தான். ஆயிரக்கணக்கான ஓடுகளை அந்த மனை தாங்காது. கூரைக்கு நான்கு சரிந்த பலகைகளை வைத்து, அவற்றின் மேல் ஓட்டு வரிசையின் படத்தை டெக்ஸ்சராக ஒட்டச் சொல்லுங்கள். கூரையின் ஓரத்தில், கழுக்கோல் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) முனை தெரியும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு வரிசை உண்மையான ஓடு இருக்கட்டும். கண் அந்த ஓரத்தைப் பார்த்துவிட்டு மற்றதை நம்பிக்கொள்ளும்.

இருட்டுக்கும் இதே கவனம் வேண்டும். நாலுகட்டின் உயிர், நடுமுற்றத்தில் விழும் வெயிலும் அதைச் சுற்றியுள்ள இருட்டும். நிழல் வரைவது கம்ப்யூட்டருக்குக் கடினமான வேலை என்பதால் பலர் அதை அணைத்து வைத்திருப்பார்கள். அணைத்தால் வெளியே உள்ள வெளிச்சம் அறைக்குள்ளும் சமமாக நிரம்பிவிடும். எனவே மூலைகளின் கருமையைச் சுவரின் படத்திலேயே தீட்டிவிட வேண்டும். தரையைப் பொறுத்தவரை காலம் உங்களுக்கு உதவியிருக்கிறது. பத்மநாபபுரத்தில் கண்டதைப் போன்ற கறுத்து மின்னும் தரையும் அதில் தூண்களின் நிழலுருவும், 2023-இன் இறுதியில் செகண்ட் லைஃபில் வந்த புதிய மெட்டீரியல் முறையால் (ஒரு பரப்பு ஒளியை எப்படிப் பிரதிபலிக்கும் என்று குறிப்பது) இப்போது கைகூடும்.

மனைக்கு மாத வாடகை கட்ட மனமில்லையென்றால், ஓப்பன்சிமுலேட்டர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே இதைப் போன்ற ஓர் உலகை நடத்தலாம். குடும்பத்தாருக்கு மட்டுமான வீட்டுக்கு அதுவே பொருத்தம். கரையான் பயமும் இல்லை.

இளைஞர், செங்கோட்டை: நண்பர்களுடன் சேர்ந்து ஒரு முழு நிலப்பகுதியில் மலைக்கிராமம் அமைத்தோம். அருவி, தோட்டம், கோயில், சந்தை எல்லாம் உண்டு. வருகிறவர்கள் இரண்டு நிமிடம் பறந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன குறை?

அவர்களைப் பறக்க விட்டதுதான் குறை. பறக்கிற அவதாருக்கு மலையும் பள்ளமும் ஒன்று. நில அமைப்பில் பறப்பதைத் தடுக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். டெலிபோர்ட் செய்து (ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நொடியில் தாவி) வருகிறவர் இறங்கும் இடத்தையும், இறங்கியதும் அவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதையும் நீங்களே குறிக்கலாம். செகண்ட் லைஃபின் தொடக்க ஆண்டுகளில் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது; டெலிஹப் எனப்பட்ட குறிப்பிட்ட நிலையங்களில் இறங்கி, மீதி வழியைத் தாங்களே கடக்க வேண்டும். இரு மாநிலப் பேருந்துகளும் நின்று திரும்பும் களியக்காவிளையில் கடைகள் நெருங்கி நிற்பது போலவே, டெலிஹப்களைச் சுற்றி நிலத்தின் விலை ஏறிக் கடைகள் குவிந்தன. 2005-இன் இறுதியில் அம்முறை எடுக்கப்பட்டு, எங்கிருந்தும் எங்கும் நேராகப் போகலாம் என்றானது. வசதிதான், ஆனால் இடங்களுக்கு நடுவே இருந்த வழி என்ற ஒன்று அதோடு தேவையற்றதாகிவிட்டது. உங்கள் கிராமத்தில் அந்த வழியை நீங்கள்தான் மீண்டும் உண்டாக்க வேண்டும்.

ஒரு நகரத்தை மனிதர்கள் மனத்தில் எப்படிப் பதித்துக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்த அமெரிக்க நகரமைப்பு அறிஞர் கெவின் லின்ச், 1960-இல் ஐந்து கூறுகளைச் சொன்னார்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளச் சின்னம். புனலூரிலிருந்து ஊருக்கு வரும் சாலையில் இவை அனைத்தும் உங்களுக்குப் பழக்கமானவை. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலம் வந்தால் எவ்வளவு தூரம் மீதி என்று தெரிந்துவிடும். ஆரியங்காவைக் கடந்து கோட்டைவாசலில் மலை முடிந்து, புளியரை வளைவில் இறங்கும்போது வயல்வெளி திடீரென்று திறக்கும், அதுதான் விளிம்பு. வளைவு இல்லையென்றால் அந்தக் காட்சிக்கு வலுவே இருந்திருக்காது.

உங்கள் நிலப்பகுதியின் ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு நேராக நடந்தால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. ஆகவே பாதையை வளையுங்கள். அருவியின் ஓசை முதலில் கேட்கட்டும், இரண்டு திருப்பம் கழித்து அருவி தெரியட்டும். கோயில் கோபுரத்தை நடுவில் வையுங்கள். நடுவிலிருந்து மூலைக்கு 181 மீட்டர். பலருடைய கம்ப்யூட்டரில் பார்வைத் தூரம் அதைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கும் என்பதால், இறங்குமிடம் கோபுரத்துக்கு நூறு மீட்டருக்குள் இருப்பது நல்லது. தோட்டத்தின் பரப்பைப் பாதியாகக் குறைத்தாலும் நட்டமில்லை.

குடும்பத்தலைவி, கொழிஞ்சாம்பாறை: பதின்மூன்று வயது மகன் ராப்லாக்ஸ் என்னும் இணைய விளையாட்டுத் தளத்தில் தன் அவதாரை மிக உயரமாகவும் முரட்டு உடலோடும் வைத்திருக்கிறான். அவன் குணமும் மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

முழுக்க ஆதாரமற்ற பயம் இல்லை, அம்மா. ஆனால் பயப்படும் அளவுக்கும் இல்லை. ஸ்டான்ஃபோர்டில் நிக் யீ, ஜெரமி பெய்லன்சன் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான அவதார் கொடுக்கப்பட்டவர்கள் பணம் பங்கிடும் பேரத்தில் குள்ளமான அவதார் பெற்றவர்களைவிட விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். தன் உருவத்தைப் பார்த்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் இயல்பு நமக்கு இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அந்த வயதுப் பையன் தன்னைவிடப் பெரிய உடலைப் போட்டுப் பார்ப்பது இயற்கை. அவனோடு உட்கார்ந்து அவன் செய்ததைக் காட்டச் சொல்லுங்கள். என் கவலை வேறு இடத்தில்: அவதாரின் பெயரில் சொந்தப் பெயரோ பள்ளியின் பெயரோ ஊரோ இருக்கக் கூடாது, முன்பின் தெரியாதவர்களோடு பேசும் வசதியையும் ரோபக்ஸ் (அந்தத் தளத்தின் பணம்) செலவையும் அவனுடைய கணக்கின் அமைப்புகளில் நீங்கள் கட்டுப்படுத்தி வைக்க வேண்டும். இவ்விரண்டையும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

மொபைல் கடைக்காரர், களியக்காவிளை: தலையில் மாட்டும் ஹெட்செட்டில் பார்க்கும் சில உலகங்களில் அவதார்கள் இடுப்போடு நின்றுபோய் மிதக்கின்றன. கால் வரைய அவ்வளவு கடினமா?

வரைவது எளிது, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் கடினம். ஹெட்செட் உங்கள் தலையை அறியும், கையில் பிடித்திருக்கும் கருவிகளால் கைகளை அறியும். காலை அறிய அதனிடம் ஒன்றும் இல்லை. ஊகித்து வரைந்த கால் உங்கள் உண்மையான காலோடு ஒத்துப்போகாவிட்டால், குனிந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் சங்கடமாக இருக்கும். 2021 டிசம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும் திறக்கப்பட்ட மெட்டாவின் ஹொரைசன் வேர்ல்ட்ஸ் அதனாலேயே காலில்லாமல் தொடங்கி, 2023-இல்தான் கால் கொடுத்தது. அதுவும் தலை, கை அசைவுகளை வைத்துக் கணித்த கால்தான். உங்கள் கடையில் ஹெட்செட் வாங்க வருகிறவர்களிடம் இதை முன்னதாகவே சொல்லிவிட்டால், திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் குறைவார்கள்.