அம்பு பட்ட ஆண் எல்க்கைத் தனியாகத் தேடி எடுப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், மலைத்தொடரின் மேற்குச் சரிவில், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், செப்டம்பர் மாத வில்வேட்டைக்கு இவ்வாண்டும் தனியாகவே போகிறேன். சென்ற பருவத்தில் அந்தி நேரத்தில் ஓர் ஆண் எல்க்கின் (வட அமெரிக்காவின் பெரிய மான் இனம்) மீது அம்பு எய்து, உடனே பின்தொடர்ந்தேன். இரத்தத் தடம் 200 மீட்டருக்குள் நின்றுபோயிற்று, விலங்கு கிடைக்கவில்லை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? தடம் அறுந்தால் என்ன செய்வது? கிடைத்த பிறகு அவ்வளவு பெரிய உடலை ஒரே ஆளாக எப்படி இறக்குவது?

பதில்: உடனே பின்தொடர்ந்ததே பெரும்பாலும் இழப்புக்குக் காரணமாக இருந்திருக்கும். அம்பு அகன்ற கூர்முனையால் வெட்டி, இரத்தப்போக்கினால் கொல்லும் கருவி. அதற்குச் சற்று நேரம் வேண்டும். அடிபட்ட எல்க், தன்னை எவரும் துரத்தவில்லை என்று உணர்ந்தால் பல வேளைகளில் சிறிது தூரத்திலேயே படுத்துவிடும். அதே விலங்கு படுத்த இடத்திலிருந்து எழுப்பப்பட்டால், காயத்தோடேயே மலைமுகட்டைக் கடந்து கிலோமீட்டர் கணக்கில் போய்விடக்கூடும்; இரண்டாம் முறை ஓடும்போது இரத்தம் முன்போல் சிந்துவதும் இல்லை.

ஆகவே எய்தவுடன் நின்ற இடத்தை விட்டு அசையாதீர்கள். பெட்டை எல்க்கின் குரலை மெல்ல எழுப்பினால், ஓடும் ஆண் சில சமயம் நின்று திரும்பிப் பார்க்கும். அது கடைசியாகக் கண்ணில் பட்ட மரத்தையோ பாறையையோ மனத்தில் குறித்துக்கொண்டு, அத்திசையைக் காம்பஸில் அளந்து, நின்ற இடத்திலிருந்தே கைபேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறடி நடந்து திரும்பிப் பார்த்தால் காடு முழுதும் வேறாகத் தெரியும். எந்த ஆஸ்பென் மரம் என்று நினைவூட்ட உடன் ஒருவரும் இருக்கமாட்டார். அரை மணி நேரம் கழித்து, விலங்கு நின்றிருந்த இடம் வரை மட்டும் ஓசையின்றிப் போய், அம்பைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

காத்திருப்பின் அளவை அந்த அம்புதான் சொல்லும். இளஞ்சிவப்பு நிறமும் நுண்குமிழிகளும் கொண்ட இரத்தம் நுரையீரலைக் குறிக்கிறது. இரண்டு நுரையீரலும் துளைபட்ட எல்க் சில நிமிடங்களில் வீழ்ந்துவிடும் என்பதால், ஒரு மணி நேரம் போதும். குமிழியற்ற கருஞ்சிவப்பு இரத்தம் பெரும்பாலும் ஈரலுடையது. அதற்கு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை பொறுக்க வேண்டும். அம்புத்தண்டில் பசுமையான அல்லது பழுப்பான கசிவும் செரித்த புல்லின் நாற்றமும் இருந்தால், இரைப்பையோ குடலோ துளைபட்டிருக்கிறது. பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. குமிழியற்ற பளிச்சென்ற சிவப்புதான் ஏமாற்றுவது: அது இதயமாகவும் இருக்கலாம், வெறும் தசைக்காயமாகவும் இருக்கலாம். அவ்வேளையில் அம்பு பட்ட இடத்தைப் பற்றிய உங்கள் நினைவையும் அங்கே உதிர்ந்த மயிரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கழுத்து மயிர் அடர்பழுப்பாகவும், உடல் மயிர் வெளிறியும், பின்புறத்து மயிர் வெண்மஞ்சளாகவும் இருக்கும்.

இங்கேதான் அந்தி நேரத்து அம்பின் சிக்கல் வருகிறது. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள உடல், தடித்த தோல், அதன்மேல் அடர்ந்த மயிர். இவை சேர்ந்து உடற்சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கின்றன. இரவில் வெப்பம் உறைநிலையை நெருங்கினாலும், தோல் உரிக்கப்படாத எல்க்கின் தொடை எலும்பைச் சுற்றியுள்ள சதை, அதிலும் தரையில் அழுந்திய பக்கம், விடிவதற்குள் கெடத் தொடங்கிவிடலாம். அதனால் எல்லா அடிக்கும் காலை வரை காத்திருப்பதே பாதுகாப்பு என்ற பொது அறிவுரையை நான் ஏற்பதில்லை. நுரையீரல் அடி என்று அம்பு தெளிவாகக் காட்டினால், தலைவிளக்குடன் அன்றிரவே போய் எடுப்பதுதான் சரி. குடல் அடி என்றால் இறைச்சியில் ஒரு பகுதி கெட்டாலும் சரி என்று கூடாரத்துக்குத் திரும்பிவிடுங்கள். கதிரவன் மறைந்து அரை மணி நேரத்துக்குப் பின் எய்வதும், செயற்கை ஒளியின் துணையால் விலங்கை வீழ்த்துவதும் கொலராடோவில் குற்றம். எனவே இருளில் உயிருள்ள எல்க்கை எழுப்பிவிட்டால் மீண்டும் எய்யவும் முடியாது, இருந்த இடமும் போயிற்று. மழை வரும் என்ற அச்சத்தாலும் குடல் அடியில் அவசரப்படாதீர்கள். அத்தகைய அடியில் கழுவிப்போக அதிக இரத்தம் இருப்பதே இல்லை. ஈரல் அடியில் மட்டும், கனமழை நெருங்குகிறது என்றால், பகல் வெளிச்சம் இருக்கும்வரை மெதுவாக நகர்வதை ஏற்கலாம்.

தடத்தைத் தொடரும்போது அதன் மேல் நடக்காமல் ஓரமாகவே நடந்து, கடைசியாகக் கண்ட இரத்தத்தில் ஒரு வண்ண நாடாவைக் கட்டிவிட்டு, அடுத்த துளி கிடைத்த பின்னரே அதை விட்டு நகருங்கள். தரையை மட்டும் பார்ப்பது பழக்கதோஷம். எல்க் உயரமானது, அம்பு இருபுறமும் துளைத்திருந்தால் இளம் மரங்களின் தண்டிலும் புதர் இலைகளிலும் இடுப்பளவு உயரத்தில் இருமருங்கிலும் தீற்றல் தெரியும். மேல்நெஞ்சில் பட்ட அடியில், மார்புக்கூடு நிறையும்வரை வெளியே ஒன்றும் சிந்தாமல், நீண்ட தூரத்துக்குப் பின்னரே இரத்தம் தென்படுவது உண்டு. உங்கள் தடம் நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். செப்டம்பரில் ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகும்போது அவற்றின் செம்புள்ளிகள் இரத்தமாகத் தோன்றும். ஈர விரலால் தேய்த்தால் இரத்தம் பரவும், இலைப்புள்ளி பரவாது. சிறு தெளிப்பானில் ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்திருந்தால், காய்ந்த இரத்தத்தின் மேல் அது நுரைக்கும்.

தடம் முற்றிலும் அறுந்த பின் குளம்படிகளே துணை. ஓடும் எல்க்கின் குளம்பு மண்ணைப் பெயர்த்துத் தள்ளியிருக்கும். கூட்டத்தோடு ஓடினாலும், அடிபட்ட ஆண் பெரும்பாலும் விரைவில் கூட்டத்திலிருந்து பிரிந்துவிடும் என்பதால், கூட்டத்தின் வழியிலிருந்து விலகிச் செல்லும் ஒற்றைப் பெருங்குளம்படியைத் தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், கடைசி நாடாவிலிருந்து கீழ்ச்சரிவையும் நீர்நிலைகளையும் முதலில் பார்த்துவிட்டு, பிறகு ஜி.பி.எஸ். பதிவை இயக்கி, பத்துப் பதினைந்து மீட்டர் இடைவெளியில் வரிவரியாக நடக்க வேண்டும். அடர்ந்த ஊசியிலைக் காட்டில் இடைவெளியை இன்னும் குறைக்கலாம். பதிவு இல்லாமல் தனியாளாகத் தேடுபவர், பார்த்த இடத்தையே மீண்டும் பார்த்துக்கொண்டிருப்பார். காற்றின் எதிர்முகமாக நடப்பது நல்லது. இனச்சேர்க்கைக் காலத்து ஆண் எல்க்கின் கடுமையான நெடி, கண்ணுக்கு முன்னால் மூக்குக்கு எட்டிவிடுவதுண்டு. அண்டங்காக்கையும், காக்கையினப் பறவையான மாக்பையும் கூடிக் கத்தினால் போய்ப் பாருங்கள். காயப்படுத்திய விலங்கைத் தேட நியாயமான முயற்சி எடுப்பது கொலராடோவில் சட்டக் கடமை. என்னளவில், மறுநாள் முழுப் பகலும் தேடாமல் அதை முயற்சி என்று சொல்லமாட்டேன்.

கிடைத்த உடலை முதுகுப்புறமாக அணுகி, நீண்ட குச்சியால் கண்ணைத் தொட்டு இறப்பை உறுதி செய்யுங்கள். டேக்கில் (வேட்டை உரிமத்தின் அடையாளச் சீட்டு) கையொப்பமும் தேதியும் இட்ட பிறகே கத்தியை எடுக்க வேண்டும். தனியாளுக்கு, வயிற்றைத் திறக்காமல் இறைச்சி எடுக்கும் முறையே ஏற்றது. உடல் ஒருக்களித்துக் கிடக்க, முதுகுத்தண்டை ஒட்டித் தோலைக் கீறி வயிறு நோக்கி உரியுங்கள். முன்சப்பை உடலோடு எலும்பு மூட்டால் இணைந்ததன்று, தசையால் மட்டுமே இணைந்தது; காலைத் தூக்கி மரத்தோடு கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டால், ஒரு கையாலேயே அறுத்து எடுக்கலாம். பின்சப்பையை இடுப்பின் பந்துக்கிண்ண மூட்டில் பிரிக்க வேண்டும். முதுகுச்சதை, கழுத்து, விலாச்சதை ஆகியவற்றை எடுத்துவிட்டு, கடைசி விலாவுக்குப் பின்னால் கைவிட்டு உள்முதுகுச்சதையை உருவி எடுங்கள். பின்னர் உடலைப் புரட்டி மறுபக்கம். விலங்கின் பாலினச் சான்று, அதாவது ஆணா பெண்ணா என்று காட்டும் உடற்பகுதி, இறைச்சியின் ஒரு பகுதியோடு இயற்கையாக ஒட்டியே இருக்க வேண்டும் என்பது விதி. களைத்த கையில் கத்தி வழுக்குவதே தனி வேட்டையின் மிகப் பெரிய ஆபத்து; இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டும், செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவியும் முதுகுப்பையின் அடியில் இல்லாமல் உடம்பிலேயே இருக்கட்டும்.

எடுத்த துண்டுகளைக் காற்றுப்புகும் பருத்திப் பைகளில் இட்டு, எஞ்சிய உடலிலிருந்து நூறு மீட்டராவது தள்ளி, நிழலில் கிளையில் தொங்கவிடுங்கள். கரடிகள் முதலில் குடலைத்தான் நாடும். திரும்பி வரும்போது தொலைவிலிருந்தே பைகள் தெரியும்படி தொங்கவிட்டால் கரடிகளோடு திடீரென்று முட்டிக்கொள்ள நேராது.

சுமப்பதைக் கணக்காகச் சொல்கிறேன். எலும்பு நீக்கிய இறைச்சி சுமார் 100 கிலோ என்று கொண்டால், கொம்பையும் சேர்த்து, 25 முதல் 30 கிலோ வீதம் ஐந்து சுமை. வண்டி 3 கிலோமீட்டரில் நின்றால், ஐந்து முறை சுமையோடும் நான்கு முறை வெறுங்கையோடும், மொத்தம் 27 கிலோமீட்டர். இது இரண்டு நாள் வேலை. 3 கிலோமீட்டருக்கு அப்பால், அல்லது ஏறி மீளவேண்டிய பள்ளத்தாக்கில் நிற்கும் எல்க்கின் மேல் தனியாள் எய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குதிரையோடு வந்து சுமப்பவரை முன்கூட்டியே அமர்த்தியிருந்தால் அது வேறு. முதல் சுமையில் பின்சப்பையின் இறைச்சி போகட்டும், ஏனெனில் கெடுவதற்கு முந்துவது அதுவே. கொம்பு கடைசிச் சுமை.

தலையையும் முதுகுத்தண்டையும் வெட்டித் திறக்க வேண்டாம். மான் இனங்களைத் தாக்கும் சி.டபிள்யூ.டி. என்ற நாட்பட்ட மெலிவு நோய் 1967-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது கொலராடோவில்தான். 1981-இல் அங்கே காட்டு எல்க்கிலும் உறுதிப்பட்டது. நோயின் புரதம் மூளை, தண்டுவடம், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் செறிந்திருக்கும். மாநில வனவிலங்குத் துறையிடம் தலையைக் கொடுத்தால் தொண்டைக்குப் பின்னுள்ள கணுக்களைச் சோதித்துச் சொல்வார்கள். நோய் உறுதியானால் அந்த இறைச்சியை உண்ணக் கூடாது என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. முடிவு வரும்வரை பொட்டலங்களை வேறு இறைச்சியோடு கலக்காமல், சோதனை எண்ணை எழுதி ஒட்டித் தனியே உறையவைத்திருங்கள்.