பட்டன் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்: டிரெய்லருக்கு டயர் மாற்றும்போது பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்களிடம் இரண்டு ஆக்சில் உள்ள ட்ராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வீடு) ஒன்று இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டயர் சைஸ் எஸ்டி205/75ஆர்14, லோடு ரேஞ்ச் (சுமை தாங்கும் தரம்) சி. போன பயணத்தில் நெடுஞ்சாலையில் ஒரு டயர் வெடித்துவிட்டது. பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) நன்றாகத்தான் இருந்தது, தேய்மானமே இல்லை. மீதியையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். எந்த பிராண்டை நம்பி வாங்கலாம்? கார் டயரே போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

பதில்: கார் டயர் ஓடி ஓடித் தேய்கிறது. டிரெய்லர் டயரோ பெரும்பாலும் நின்றே கெடுகிறது. வருடத்தில் பல மாதம் ஒரே இடத்தில், வெயிலில், முழு எடையையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ரப்பரைக் காக்கும் மெழுகு போன்ற பொருட்கள் டயர் உருளும்போதுதான் மேற்பரப்புக்கு வரும். நின்றுகொண்டே இருந்தால் வராது. அதனால் பட்டன் புதிதுபோல இருக்கும்போதே உள்ளே ரப்பர் இறுகி, கம்பி அடுக்குகள் ஒன்றையொன்று விட்டுவிடத் தயாராக இருக்கும். உங்கள் டயருக்கும் இதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். கூடவே எடையும் சேர்ந்திருக்கலாம்.

பிராண்டுக்கு அப்புறம் வருகிறேன். எடை தெரியாமல் எந்தப் பிராண்டைச் சொன்னாலும் அது பாதி பதில்தான்.

பயணத்துக்குக் கிளம்புவதுபோலவே டிரெய்லரை நிரப்புங்கள்: தண்ணீர்த் தொட்டி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், துணிமணி, நாற்காலி எல்லாம். 150 லிட்டர் தண்ணீரே 150 கிலோ. அப்படியே வண்டியோடு இணைத்து எடைமேடைக்குக் கொண்டுபோய், ஆக்சில்கள் மீது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். முடிந்தால் ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக எடை போடுங்கள். நான் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஆக்சில்கள் மீது மொத்தம் 6,600 பவுண்டு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டயர் ஒவ்வொன்றும் 50 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றில் 1,760 பவுண்டு தாங்கும், நான்குக்கும் 7,040. கணக்கில் சரியாகத்தான் வருகிறது. ஆனால் எடை நான்கு சக்கரத்துக்கும் சமமாகப் பிரிவதில்லை. சமையல் மேடையும் ஃபிரிட்ஜும் ஒரே பக்கம் இருந்தால், அந்தப் பக்கச் சக்கரம் ஒன்று 1,800 பவுண்டு சுமக்கும். மொத்தக் கணக்கில் தப்பே தெரியாது. அந்த ஒரு டயர் மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டரும் அளவுக்கு மீறிச் சுமந்துகொண்டிருக்கும்.

இதோடு இரண்டு ஆக்சில் வண்டிக்கே உரிய இன்னொரு தொல்லை. டிரெய்லரை வளைத்து ரிவர்ஸ் எடுக்கும்போது வேறு யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டு, நீங்கள் தள்ளி நின்று டயர்களைப் பாருங்கள். முன் ஆக்சில் டயரும் பின் ஆக்சில் டயரும் எதிரெதிர்ப் பக்கமாக இழுபடும். ரிம் ஒரு பக்கம் போக, தரையைப் பிடித்த ரப்பர் வர மறுத்து, சைடுவால் (டயரின் பக்கச் சுவர்) மடிந்து சாயும். பார்க்கவே பதறும். உள்ளே இருக்கும் கம்பி அடுக்குகள் ஒவ்வொரு திருப்பத்திலும் இப்படித்தான் முறுக்குப்படுகின்றன. காற்று குறைவாக இருந்தால் இன்னும் மோசம்: டயர் அதிகமாக மடங்கும், மடங்க மடங்கச் சூடாகும், சூடு அடுக்குகளைப் பிரிக்கும். ஆகவே டயரின் திறனில் குறைந்தது 10 சதவீதமாவது பயன்படாமல் மிச்சம் இருக்க வேண்டும். 15, 20 இருந்தால் நிம்மதி.

உங்களுக்கு நல்ல வழி இருக்கிறது. இதே சைஸில் லோடு ரேஞ்ச் டி கிடைக்கிறது. 65 பிஎஸ்ஐ காற்றில் ஒவ்வொன்றும் 2,040 பவுண்டு தாங்கும். விட்டம் மாறாததால் இரண்டு டயருக்கு நடுவிலோ மேலே வளைவிலோ உரசும் என்ற கவலை இல்லை. மேலே சொன்ன 1,800 பவுண்டுச் சக்கரத்துக்கும் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சம் நிற்கும். ஆனால் டயரை மட்டும் மாற்றினால் போதாது. ரிம்மைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். அது எவ்வளவு தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். சிலவற்றில் காற்றழுத்த எல்லையும் இருக்கும். ரிம் 1,900 பவுண்டுதான் என்றால், 2,040 டயர் போட்டாலும் உங்கள் எல்லை 1,900தான். ஆக்சிலின் எல்லையும் டயரால் கூடிவிடாது. எடையை அடுத்த பக்கத்துக்கு மாற்றி வைக்க முடியுமா என்றும் பாருங்கள், அது செலவில்லாத தீர்வு. அப்புறம் வால்வு. சாதாரண ரப்பர் வால்வு பெரும்பாலும் 65 பிஎஸ்ஐ வரைக்கும்தான். அதன் விளிம்பிலேயே ஓட்டுவதைவிட, நட் போட்டு இறுக்கும் உலோக வால்வு கேட்டு வாங்குங்கள்.

கார் டயர் விஷயம். வேண்டாம். கார் டயரை டிரெய்லரில் போட்டால், அதன் சுமைத் திறனை 1.10-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. 1,500 பவுண்டு டயர் சுமார் 1,360 ஆகிவிடும். உங்கள் எடைக்கு அது எட்டவே எட்டாது. சைடுவாலும் மெத்தென்று இருப்பதால் டிரெய்லர் ஆடும். எஸ்டி என்ற எழுத்து டிரெய்லருக்காகவே செய்த டயரைக் குறிக்கிறது. லாரி வகை எல்டி டயர் உறுதியானதுதான், பெரிய டிரெய்லர்களில் சிலர் விரும்பிப் போடுகிறார்கள். ஆனால் கிட்டத்தட்ட அதே சைஸில் எஸ்டி தாங்கும் எடையை அது தாங்காது. 14 அங்குலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இப்போது பிராண்ட். குட்இயரின் எண்டியூரன்ஸ், மேக்சிஸின் எம்8008, கார்லைலின் ரேடியல் ட்ரெயில் ஹெச்டி ஆகியவை டிரெய்லர்காரர்கள் வட்டாரத்தில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். எண்டியூரன்ஸ் 2017-இல் வந்தது, அமெரிக்காவில் தயாராவது. உங்கள் சைஸில் டி ரேஞ்சிலேயே இருக்கிறது. நானாக இருந்தால் அதிலிருந்து தேட ஆரம்பிப்பேன். பெயர் கேள்விப்படாத மலிவு டயரை, எழுத்துகள் ஒத்துப்போகின்றன என்பதற்காக மட்டும் வாங்க மாட்டேன். எதை வாங்கினாலும் வேகக் குறியைப் பாருங்கள். எல் என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர், எம் 130, என் 140. எந்த எழுத்தும் இல்லாத எஸ்டி டயரை மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது. என் என்ற எழுத்து போட்ட டயர் வாங்கினாலும் அந்த வேகத்தில் இழுக்கச் சொல்லவில்லை. சூடு தாங்கும் தெம்பு கூடுதல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் பில் போடும் முன் தேதி பாருங்கள். சைடுவாலில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி. 2319 என்றிருந்தால் 2019-இன் 23-ஆவது வாரம். சில டயர்களில் இந்த முழு வரிசை ஒரு பக்கம் மட்டுமே இருக்கும், அது உள்பக்கமாகப் போய்விட்டால் படுத்துப் பார்க்க வேண்டிவரும். வாங்கும் டயர் ஒரு வருடத்துக்குள் தயாரானதாக இருக்கட்டும். கடைக்காரர் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்று சொன்னால் வேறு கடை பாருங்கள். ஐந்தாறு வருடம் ஆனதும், பட்டன் எப்படி இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். வாங்கிய கையோடு டயரின் எண்ணைத் தயாரிப்பாளரிடம் பதிவு செய்துவிடுங்கள். குறை கண்டு திரும்பப் பெறும்போது தகவல் உங்களுக்கு வந்து சேர அதுதான் வழி.

நான்கு அல்ல, ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னிக்கும் அதே வயதுதான். டயர் மாட்டும்போது, வெடித்த பக்கம் வண்டிக்கு அடியில் பிரேக் ஒயர், கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பிய்ந்த ரப்பர் சாட்டையாகச் சுழன்று இவற்றை அறுத்திருக்கலாம். நட்டுகளை டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்கி, முதல் 15, 40, 80 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி பாருங்கள்.

காற்றழுத்தம் காட்டும் சென்சார் ஒரு செட் போட்டுவிட்டால் ஓட்டும்போதே தெரியும். இரண்டு ஆக்சில் வண்டியில் ஒரு டயர் இறங்கினால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது, பக்கத்து டயர் சத்தமில்லாமல் முழுச் சுமையையும் ஏற்றுக்கொள்ளும். காற்று அடிப்பது காலையில், வண்டி நகரும் முன், வெயில் படும் முன். எஸ்டி டயருக்குச் சைடுவாலில் போட்டிருக்கும் உச்ச அளவே பொதுவாகச் சரியான அளவு. பயணத்தின் நடுவில் சூட்டினால் அழுத்தம் ஏழெட்டு பிஎஸ்ஐ கூடித்தான் இருக்கும். அது அப்படித்தான் இருக்க வேண்டும், காற்றை இறக்காதீர்கள்.