ஸ்லாப்பை நாமே போட்டால் மிச்சம் ஆகுமா?

கேள்வி: வீட்டின் பின்பக்கம் சாமான் ஷெட் வைக்க 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் தரை ஸ்லாப் போட வேண்டும். கனம் 10 செ.மீ. நாங்களே கலந்து போடலாம் என்று நினைக்கிறோம். என்னென்ன வாங்க வேண்டும்? தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும் என்று விற்கும் ரெடிமேட் கலவை மூட்டை வாங்கலாமா?

பதில்: உங்கள் ஸ்லாப்பின் கொள்ளளவு 0.6 கன மீட்டர். கேட்கச் சின்னதாக இருக்கிறது, ஆனால் எடை 1,400 கிலோவுக்கு மேல் வரும். அத்தனையையும் ஒரே மூச்சில் கலந்து, கொட்டி, மட்டம் பிடிக்க வேண்டும். பாதியில் நிறுத்தி மறுநாள் தொடர்ந்தால் பழைய கான்கிரீட்டும் புதியதும் சரியாக ஒட்டாது. விரிசல் அந்த இடத்தில்தான் வரும். அதனால் கடைக்குப் போகும் முன் ஆள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூன்று பேராவது இல்லையென்றால் இதில் இறங்க வேண்டாம்.

ரெடிமேட் கலவை 25 கிலோ மூட்டை ஒன்றுக்குச் சுமார் 12 லிட்டர் கான்கிரீட்தான் கிடைக்கும். உங்களுக்கு 50 மூட்டை வேண்டும். வேலிக் கம்பம் நட, ஒரு படிக்கட்டின் ஓரம் அடைக்க அது நல்ல சரக்கு. இந்த அளவுக்குக் கட்டுப்படியாகாது. லாரியில் வரும் கலவைக்கோ குறைந்தபட்ச அளவு என்று ஒன்று வைத்திருப்பார்கள். 0.6 கன மீட்டர் கேட்டால் மீதிக்கும் சேர்த்துக் காசு வாங்குவார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, தனித்தனியாக வாங்குவது என்றால் 1 பங்கு சிமெண்ட், 1½ பங்கு மணல், 3 பங்கு 20 மி.மீ. ஜல்லி என்ற விகிதம் போதும். 50 கிலோ சிமெண்ட் 5 மூட்டை, மணல் கால் கன மீட்டருக்குச் சற்று மேல், ஜல்லி அரை கன மீட்டருக்குச் சற்று மேல். தரை மேடு பள்ளமாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும், ஆறாவது மூட்டையும் எடுத்து வையுங்கள். பிரிக்காத மூட்டையைத் திருப்பி எடுப்பார்களா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். மூட்டையில் தயாரித்த தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்; மூன்று மாதம் தாண்டியது வேண்டாம். கையால் நசுக்கினால் உடையாத கட்டி இருந்தால் அந்த மூட்டையே வேண்டாம்.

மம்பட்டிக் கணக்கில் அளக்காதீர்கள், ஒரே பக்கெட்டை வைத்து அளங்கள். ஈர மணல் உப்பி நிற்கும் என்பதால் அரை பக்கெட் கூடுதலாகப் போட வேண்டியிருக்கலாம்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் கலவை மெஷின் வாடகை. மிச்சம் பிடிக்கிறேன் என்று கையால் கலப்பவர்கள் நாலாவது கலவையிலேயே களைத்துப்போய், வேலை சுலபமாகட்டும் என்று தண்ணீரை அள்ளி ஊற்றுவார்கள். பலம் அங்கேதான் போகிறது. ஒரு மூட்டை சிமெண்டுக்கு 25 லிட்டர் கணக்கு. மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அதில் அடக்கம். கலவை கெட்டியாகத் தெரிந்தாலும் கம்பியால் குத்தி, பலகையால் தட்டினால் உட்கார்ந்துவிடும். அடித்தளத்தை நன்றாக இடித்து, பாலித்தீன் விரித்து, சுற்றிலும் பலகை அடித்து, ரசமட்டம் பார்த்த பிறகுதான் முதல் மூட்டையைப் பிரிக்க வேண்டும். கையுறையும் பூட்ஸும் கட்டாயம், ஈர சிமெண்ட் தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

அப்புறம் தண்ணீர் கட்டுவது. குறைந்தது 7 நாள் ஸ்லாப் காயவே கூடாது. ஈரச் சாக்கு போட்டு அதன் மேல் பாலித்தீன் மூடிவிட்டால் அடிக்கடி ஓட வேண்டியதில்லை.

கேள்வி: ஒப்பந்தக்காரர் போட்ட ஸ்லாப் ஒரு மாதத்தில் மாவு மாதிரி உதிர்கிறது. மேலே சிமெண்ட் பால் பூசினால் சரியாகிவிடும் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். மெல்லிய சிமெண்ட் பூச்சு அந்த மாவின் மேல்தான் உட்காரும், சீக்கிரமே உரியும். கலவையில் தண்ணீர் அதிகம், அல்லது மேலே கசிந்து நின்ற தண்ணீர் போகும் முன்பே தேய்த்திருக்கிறார்கள், அல்லது சீக்கிரமே காயவிட்டிருக்கிறார்கள். ஆணியால் கீறிப் பாருங்கள். மேல்தோல் மட்டும் உதிர்ந்து உள்ளே கெட்டியாக இருந்தால், உதிர்வதைச் சுரண்டிவிட்டு, சிலிகேட் வகை தரை கெட்டிப்படுத்தும் திரவம் அடித்தால் பலன் உண்டு. ஆணி ஆழமாக இறங்கினால் மேல்பூச்சு எதுவும் உதவாது. படம் எடுத்து வைத்துக்கொண்டு, மறுபடி போட்டுத்தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மீதிப் பணம் இன்னும் உங்கள் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

கேள்வி: தரை ஸ்லாப் நன்றாக வந்தது. இதே முறையில் கார் நிறுத்தும் இடத்துக்குக் கூரையும் போடலாமா?

பதில்: கூடாது. தரை ஸ்லாப்பைத் தாங்க மண் இருக்கிறது, கூரையைத் தாங்குவது உள்ளே இருக்கும் கம்பிதான். கம்பியின் தடிமன், இடைவெளி, எங்கே வளைப்பது, சென்ட்ரிங்கை எப்போது பிரிப்பது எல்லாவற்றையும் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்.