வேட்டைக் கறியைக் கொத்திச் சமைத்தால் ஏன் சீக்கிரம் வேகிறது? காய்கறி எதற்கு?

கொத்துக்கறி என்பது எலும்பு நீக்கிப் பொடியாக அரிந்த இறைச்சி. பிரான்சில் வாழும் புதுச்சேரிக் குடும்பங்கள் அங்கே கடையில் கிடைக்கும் மான் கறியை இப்படி வாங்கி, வேலை முடிந்து வந்த இரவில் சமைத்துவிட முடிகிறது. இங்கே 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடுவது குற்றம். ஆட்டுக் கொத்துக்கறியே போதும், அருமையாக இருக்கும்.

காட்டில் ஓடித் திரியும் விலங்கின் தசைநார் முறுக்கேறியது, கொழுப்பும் குறைவு. துண்டாகப் போட்டால் நெடுநேரம் வேக வேண்டும். கொத்தும்போது நார்கள் அறுபடுகின்றன, சூடும் உடனே உள்ளே இறங்குகிறது. விறகைச் சிராய்களாகப் பிளந்தால் சட்டென்று பற்றிக்கொள்வதைப் போலத்தான்.

கொழுப்பில்லாத கறி சீக்கிரம் வறண்டுவிடும். அதனால் எண்ணெயைத் தாராளமாக விட்டு, நம் ஊர் வடவத்தைத் தாளித்து (இந்த மணத்துக்கு ஈடே இல்லை), அகலமான சட்டியில் கறியை வதக்குங்கள். நீர் சுண்டியதும் பொடியாக நறுக்கிய பீன்ஸ், கேரட், கத்தரிக்காய் சேருங்கள். காய்கள் விடும் ஈரம் கறியை மிருதுவாக வைக்கும்.

உள்ளே சற்றுச் சிவந்திருந்தால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கொத்தும்போது மேற்பரப்புக் கிருமிகள் கறி முழுவதும் கலந்துவிடுவதால், கொத்துக்கறி 71 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி முழுமையாக வெந்தாக வேண்டும்.